கோழிப் பண்ணை, மாட்டுக் கொட்டகையில் எலித் தொல்லை: சென்னை வட்டாரப் பண்ணையாளர்களுக்கு முழுமையான வழிகாட்டி

எலித் தொல்லை என்று பேச்செடுத்தாலே பண்ணைக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, “எந்த மருந்து நல்லா கேக்கும்?” என்பதுதான். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. மருந்து வைத்தால் எலி சாகும், சந்தேகமில்லை. ஆனால் தீவன மூட்டை திறந்தபடியும் வைக்கோல் போர் தரையோடும் கிடந்தால், செத்த எலியின் இடத்துக்குப் பக்கத்து வயலிலிருந்தோ அரிசி ஆலையிலிருந்தோ மழைநீர் வடிகாலிலிருந்தோ புது எலி வந்துவிடும். செங்குன்றம், சோழவரம், பொன்னேரி பக்கம் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். ஒரு பக்கம் நெல் வயல், இன்னொரு பக்கம் அரிசி ஆலை, நடுவில் நம் ஷெட். எலிக்கு இதைவிட வசதியான இடம் ஏது?

செலவையும் ஒருமுறை கணக்குப் பார்த்துவிடலாம். வளர்ந்த எலி ஒன்று நாளைக்கு 20 முதல் 25 கிராம் வரை தின்னும். 100 எலி இருந்தால் நாளைக்கு 2 கிலோவுக்குக் குறையாது, மாதத்தில் 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு மேலேயே போய்விடும். தின்பதைவிடக் கெடுப்பது அதிகம். புழுக்கையும் மூத்திரமும் விழுந்த தீவனத்தைத்தான் மாடும் கோழியும் தின்கின்றன. சாக்கைக் கடித்துச் சிந்துவது, பக்கப் படுதாவைக் கிழிப்பது, ஒயரைக் கடித்து ஷார்ட் சர்க்யூட் ஆக்குவது, புரூடரில் (குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் இடம்) குஞ்சைக் காலைப் பிடித்து இழுத்துப் போவது எல்லாம் தனிக் கணக்கு.

பெருக்கமும் வேகம். சினைக்காலம் 3 வாரம்தான். ஒரு ஈற்றுக்கு 6 முதல் 10 குட்டி. 3 மாதத்தில் அந்தக் குட்டிகளும் ஈன ஆரம்பித்துவிடும். பாதி எலியைக் கொன்றுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தால் சில மாதத்தில் பழைய எண்ணிக்கை திரும்பிவிடும். அதனால் வேலையின் வரிசை முக்கியம்: முதலில் பார்ப்பது, அப்புறம் தீவனத்தை மூடுவது, ஒளிவிடத்தைக் கலைப்பது, ஓட்டை அடைப்பது, பொறி, எல்லாம் முடிந்தபின் மருந்து.

படி 1: வந்திருப்பது எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்லா எலிக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. சென்னை வட்டாரப் பண்ணைகளில் முக்கியமாக நான்கு வகை.

கூரையில் ஓடுவது வீட்டு எலி. உடம்பைவிட வால் நீளம், காது பெரியது, ஏறுவதில் கெட்டி. கீற்றுக் கொட்டகை, சிமெண்ட் ஷீட்டின் அடிப்பக்கம், தென்னை மரம் இதன் இடங்கள். புழுக்கை சுமார் 12 மில்லிமீட்டர் நீளத்தில், இரு முனையும் கூராக இருக்கும். இதற்குத் தரையில் மருந்து வைத்துப் பயனில்லை, மேலே வைக்க வேண்டும்.

தரையைத் தோண்டுவது பெருச்சாளி. அதே இனத்தில் உருவத்தில் சிறிய ஒன்றும் உண்டு, வயலிலும் நகரத்திலும் அதுதான் அதிகம். வளை வாயில் புது மண் குவிந்து கிடக்கும். தானியத்தை வளைக்குள் சேமிக்கும் பழக்கமும் உண்டு, கிலோக்கணக்கில். சுவர் அடியையும் தீவன அறைத் தளத்தையும் தோண்டி இறக்கிவிடுவது இதுதான்.

மூன்றாவது சாக்கடையோடு வாழும் பழுப்பு எலி. துறைமுகம் இருக்கும் ஊர் என்பதால் வடசென்னையில் இதைப் பார்க்கலாம். நன்றாக நீந்தும். புழுக்கை பெரியது, முனை மழுங்கியிருக்கும்.

நான்காவது சுண்டெலி. புழுக்கை அரிசிக் குருணை அளவுதான். உருவம் சிறியதென்று அலட்சியம் வேண்டாம், முட்டைக்கோழிப் பண்ணையில் சால்மோனெல்லா கிருமியை ஒரு பேட்ச் கோழியிலிருந்து அடுத்த பேட்சுக்குக் கடத்துவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. எலிக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். சுண்டெலி தீவனத்தில் இருக்கும் ஈரத்தை வைத்தே காலம் தள்ளிவிடும். அதனால் தண்ணீரை மூடி வைத்தால் பெரிய எலி அவதிப்படும், சுண்டெலி அசையாது.

நடுவில் மூஞ்சூறு ஒன்று கீச் கீச்சென்று சுவரோரமாக ஓடும். அது எலி இனமே இல்லை. பூச்சியும் கரப்பானும்தான் அதன் சாப்பாடு. தானியத்தில் கலந்த மருந்தை அது தொடாது. அதை விட்டுவிடுங்கள்.

படி 2: டார்ச்சோடு ஒரு சுற்று

பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம் கழித்து, ஷெட்டின் விளக்கை அணைத்துவிட்டு, சத்தம் போடாமல் ஒரு சுற்று வாருங்கள். கூரை விட்டம், தீவன அறை, தண்ணீர்த் தொட்டி ஓரம், வைக்கோல் போர் அடி. எலி எந்தச் சுவரோரமாக ஓடுகிறது என்று ஒரு தாளில் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பொறியும் மருந்தும் வைப்பது அந்தக் கோட்டின் மேல்தான். எலிக்குப் பார்வை மட்டு, சுவரை உரசிக்கொண்டே போகும். அடிக்கடி போகும் வழியில் கறுப்பு எண்ணெய்ப் பிசுக்குப் படிந்திருக்கும். பகலிலேயே எலி தைரியமாக ஓடுகிறது என்றால் உள்ளே இடம் போதாமல் நெருக்கடி வந்துவிட்டது என்று பொருள்.

வளைகளுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. சாயங்காலம் எல்லா வளை வாயையும் மண் போட்டு லேசாக மூடிவிடுங்கள். காலையில் எத்தனை திறந்திருக்கிறதோ அத்தனையும் எலி குடியிருக்கும் வளை. எண்ணி எழுதி வையுங்கள். மருந்து வைத்து 2 வாரம் கழித்து இதே சோதனையைத் திரும்பச் செய்தால் வேலை எவ்வளவு நடந்தது என்று தெரியும். “செத்த எலி கண்ணில் படவில்லை, மருந்து கேட்கவில்லை” என்று சொல்வதெல்லாம் கணக்கில் சேராது. பெரும்பாலான எலி வளைக்குள்தான் சாகும்.

வளை பார்ப்பதில் இருளர்களை மிஞ்ச ஆளில்லை. செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கம் வயல் எலி பிடிப்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வேலை. திருப்போரூர் பக்கம் ஒரு பண்ணையில், நாங்கள் எல்லோரும் பெரிய வளை ஒன்றைச் சுற்றி நின்றுகொண்டிருக்க, வந்த இருளர் பெரியவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாலடி தள்ளி, புல்லுக்குள் இருந்த சின்னப் பொந்தின் மண்ணை விரலால் கிள்ளிப் பார்த்தார். “அது பழசு சார், வாயில நூலாம்படை கட்டியிருக்குது பாருங்க. இங்கதான் இருக்குது, மண்ணு ஈரமா இருக்கு” என்றார். பொந்தின் மறுவாயை இன்னொரு ஆள் சாக்கால் மூடிக்கொள்ள, மண்பானையில் வைக்கோல் புகை போட்டு ஊதியதும் எலி அவர் கைக்கே வந்தது. மருந்து துளியும் இல்லை. வயலை ஒட்டிய பண்ணைக்கு, அறுவடை முடிந்த கையோடு அவர்களைக் கூப்பிட்டு நியாயமான கூலி கொடுத்து வரப்பைச் சுத்தம் செய்துகொள்வது நல்ல யோசனை. ஆனால் வைக்கோல் போர், கீற்றுக் கொட்டகை பக்கத்தில் புகை போட விடாதீர்கள்.

படி 3: தீவனம். பாதி வேலை இங்கேதான்

எலியை வரவழைப்பது நம் வீட்டுச் சாப்பாடுதான் என்பதை ஒத்துக்கொண்டால் மீதி எல்லாம் சுலபம்.

தவிடு, புண்ணாக்கு, குருணை, மக்காச்சோளம் எதுவாக இருந்தாலும் பிரித்த மூட்டை ராத்திரி திறந்து கிடக்கக் கூடாது. மூடி இறுகப் பொருந்தும் தகர டிரம் நல்லது. பழைய 200 லிட்டர் இரும்பு டிரம் கிடைத்தால் போதும். ஆனால் அதில் முன்பு என்ன இருந்தது என்று விசாரித்து வாங்குங்கள், ரசாயனம் வைத்த டிரம் வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் டிரம்மைப் பெருச்சாளி விளிம்பிலிருந்து கடித்துத் திறந்துவிடும்.

பிரிக்காத மூட்டைகளைத் தரையில் அடுக்காதீர்கள். அரையடி உயரப் பலகை மேல், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்குங்கள். அந்த இடைவெளியில் ஆள் நடந்து பார்க்க முடிய வேண்டும். “இடம் வீணாகுதே” என்று சுவரோடு ஒட்டி அடுக்கினால், மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் எலி குடும்பம் நடத்தும், மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது. பழைய மூட்டையை முதலில் எடுத்துச் செலவழியுங்கள்.

கோழி ஷெட்டில் தொங்கும் தீவனக் குடுவையின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்தில் இருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் கோழி கிளறிச் சிந்தும், ராத்திரி அந்தச் சிந்தலை எலி பொறுக்கும். பக்கவாட்டில் தீவனம் சிந்தினால் அன்றே பெருக்கிவிடுங்கள். நாட்டுக்கோழி வைத்திருப்பவர்கள் முற்றத்தில் தானியம் இறைக்கும்போது பொழுது சாய்வதற்குள் கோழி தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும் இறையுங்கள். முட்டையைக் காலை ஒரு தடவை, இருட்டுவதற்கு முன் ஒரு தடவை எடுத்துவிட வேண்டும்.

மாடு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். நகரத்துக்குள்ளே திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் மாதிரி இடங்களில் ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவர்கள் கோயம்பேட்டிலிருந்து காய்கறிக் கழிவு கொண்டுவந்து கொட்டுவது வழக்கம். மாடு அன்றைக்குத் தின்னும் அளவே கொண்டு வாருங்கள். மிஞ்சி அழுகும் குவியல் எலிக்கு உணவும் தண்ணீரும் ஒன்றாகக் கிடைக்கும் இடம். கழுநீர்த் தொட்டியையும் ராத்திரி கவிழ்த்துவிடுங்கள்.

படி 4: ஒளிவிடத்தைக் கலையுங்கள்

வைக்கோல் போரைத் தரையோடு போடாமல், ஒன்றரை இரண்டு அடி உயரக் கல்தூண் அல்லது இரும்புக் கால் வைத்த மேடையில் போட்டு, ஒவ்வொரு காலிலும் வழுவழுப்பான தகரத்தைச் சுற்றிவிடுங்கள். மிஷினில் சுற்றிய கட்டு வாங்குபவர்கள் பலகை மேல் அடுக்கலாம். பழைய போர் முழுக்கத் தீர்ந்த பிறகே அந்த இடத்தில் புதுப் போர் போட வேண்டும். அடியில் மக்கிய பழைய வைக்கோல் மேல் புதியதைப் போட்டுக்கொண்டே போனால் அடித்தட்டு வருஷம் முழுக்க எலி வளையாகவே இருக்கும்.

ஷெட்டைச் சுற்றி 3 அடி அகலத்துக்குப் புல் பூண்டு இல்லாமல் வைத்திருங்கள். வசதி இருந்தால் அந்த 3 அடிக்கும் அரையடி ஆழத்தில் ஜல்லி கொட்டிவிடலாம். ஜல்லியில் எலியால் வளை தோண்ட முடியாது, தோண்டத் தோண்டச் சரிந்து விழும். வெட்டவெளியில் ஓட எலிக்குப் பயம், பறவை தூக்கிவிடும். ஷெட் சுவரோரம் குவித்து வைத்த உடைந்த ஓடு, பழைய டயர், ஓடாத மோட்டார், “எப்பவாவது ஆகும்” என்று வைத்த பலகை எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். அந்த எப்பவாவது வராது.

தென்னை மரம் கூரையைத் தொட்டால் மட்டையை வெட்டிவிடுங்கள், கூரைக்கும் கிளைக்கும் குறைந்தது 4 அடி இடைவெளி வேண்டும். தண்டில் ஆள் உயரத்துக்கு மேல் ஓரடி அகலத் தகரம் கட்டுவது நம் ஊரில் இளநீர்க் காயைக் காக்கச் செய்வதுதான். பண்ணைக்கும் அதே வைத்தியம் பொருந்தும்.

படி 5: ஓட்டை அடைப்பது

பென்சில் நுழையும் சந்தில் சுண்டெலி நுழையும். கட்டைவிரல் நுழையும் சந்தில் எலி நுழையும். மில்லிமீட்டர் கணக்கில் சொன்னால், சுண்டெலிக்கு 6, எலிக்குட்டிக்கு 12 போதும். அதனால் கோழி மெஷ் என்று விற்கும் அறுகோணக் கம்பி வலை கோழியை உள்ளே வைக்கும், எலியை வெளியே வைக்காது. தீவன அறை ஜன்னலுக்கும் புரூடர் பகுதிக்கும் கால் இன்ச் கண் உள்ள இரும்பு வெல்ட் மெஷ் போடுங்கள். ஷெட் முழுக்கப் போடக் காசு இல்லையென்றால் இந்த இரண்டு இடத்துக்காவது கட்டாயம் போடுங்கள்.

கதவின் அடியில் தகரப் பட்டை அடியுங்கள், கட்டையை மட்டும் வைத்தால் கடித்துவிடும். குழாயும் ஒயரும் சுவரைத் துளைக்கும் இடத்தில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை அடைத்து, மேலே சிமெண்ட் பூசுங்கள். சிமெண்ட் மட்டும் பூசினால் காய்வதற்கு முன்பே அன்று ராத்திரி தோண்டி எடுத்துவிடும். தண்ணீர் வெளியேறும் குழாய் வாய்க்குக் கம்பித் தடுப்பு வேண்டும். நகரத்துக்குள் இருக்கும் கொட்டகையில் பழுப்பு எலியும் பெருச்சாளியும் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வருகின்றன. சிமெண்ட் ஷீட்டின் வளைவுக்கும் சுவருக்கும் நடுவில் வரிசையாக இருக்கும் அந்தச் சந்துகளை யாரும் கவனிப்பதில்லை. வீட்டு எலிக்கு அது வாசல்.

புதிதாக ஷெட் கட்டப் போகிறவர்கள் அஸ்திவாரத்தை ஒட்டி இரண்டடி ஆழத்துக்கு வெல்ட் மெஷ் இறக்கி, அடியில் ஓரடி வெளிப்பக்கம் மடக்கிவிடச் சொல்லுங்கள். பெருச்சாளி நேராகக் கீழே தோண்டி வந்து மெஷ்ஷில் முட்டிக்கொள்ளும். சுற்றிப் போக அதற்குத் தோன்றாது. கட்டும்போது இதன் செலவு சொற்பம், கட்டிய பின் தோண்டிப் போடுவது பெரும் பாடு.

ஒன்றைக் கவனியுங்கள். உள்ளே எலி நிறைய இருக்கும்போது எல்லா ஓட்டையையும் ஒரே நாளில் அடைத்தால் அவை உள்ளேயே மாட்டிக்கொள்ளும். தீவன அறையை முதலில் அடையுங்கள். மற்ற இடங்களைப் பொறியும் மருந்தும் வேலை செய்த பிறகு அடைக்கலாம்.

படி 6: பொறி

கோழி இருக்கும்போது ஷெட்டுக்குள் எனக்குப் பிடித்தது பொறிதான். செத்தது எத்தனை என்று கண்ணால் பார்க்கலாம், விஷ பயம் இல்லை. எலிக்கூண்டு, கிட்டி (விசை அறைந்து எலியை அங்கேயே கொல்லும் பொறி) இரண்டும் கடைகளில் கிடைக்கின்றன. வயலோர வளைகளுக்கு மூங்கில் வில்லை வளைத்துச் செய்யும் தஞ்சாவூர் கிட்டி இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது.

மசால்வடையின் புகழ் சும்மா வந்ததில்லை. எண்ணெய், வெங்காயம், பருப்பு எல்லாம் சேர்ந்த அந்த வாசம் எலிக்குப் பிடிக்கும். தீவனக் கிடங்கில் தானியம் கொட்டிக் கிடக்கும் இடத்தில் தானியத்தையே வைத்தால் எலி ஏன் வரப்போகிறது? அங்கே கிடைக்காத ஒன்றை வையுங்கள்: சுட்ட தேங்காய்த் துண்டு, கருவாடு. காசிமேட்டிலோ சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டிலோ கிடைக்கும் நெத்திலிக் கருவாட்டுத் தலையே போதும், காசு கொடுத்து நல்ல மீன் வாங்க வேண்டியதில்லை.

பெரிய எலிக்குப் புதுப் பொருள் என்றாலே சந்தேகம். அதனால் முதல் 3 நாள் கூண்டைத் திறந்தே, விசை மாட்டாமல், உள்ளே தீனி வைத்துவிடுங்கள். பயமில்லாமல் வந்து தின்று பழகியதும் 4ஆம் நாள் ராத்திரி எல்லாக் கூண்டுக்கும் சேர்த்து விசை மாட்டுங்கள். ஒரே ஒரு கூண்டை வைத்து மாசம் முழுக்க ஒன்றொன்றாகப் பிடிப்பதைவிட, பத்துக் கூண்டை ஒரே ராத்திரி வைப்பது பல மடங்கு மேல். இரவல் வாங்கியாவது வையுங்கள். சுண்டெலி நேர் எதிர், புதியதை உடனே ஆராய வந்துவிடும். அதற்குச் சின்னக் கிட்டி, 6 அடிக்கு ஒன்று.

கிட்டியைச் சுவருக்குச் செங்குத்தாக, தீனி இருக்கும் முனை சுவரைத் தொடும்படி வையுங்கள். கோழிக் கால் மாட்டாதபடி மேலே ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து இரு பக்கமும் வாய் வெட்டிவிடலாம். பிடித்த எலியைப் பக்கத்துக் காலி மனையில் விடுவது புண்ணியமாகத் தெரியும், ராத்திரிக்குள் திரும்பிவிடும். ஒட்டும் அட்டையைப் பண்ணையில் நான் பரிந்துரைப்பதில்லை. தூசி படிந்து ஒரே நாளில் பிசின் போய்விடும், ஓணானும் சிட்டுக்குருவியும் மாட்டிக்கொண்டு துடிக்கும்.

படி 7: மருந்து

சரி, இப்போது மருந்துக்கு வருவோம். முதலில் எதைத் தொடக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன்.

மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஈரலைச் சிதைக்கும், முறிமருந்து இல்லை. எங்காவது மறைவாக விற்றாலும் வாங்காதீர்கள். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரம் பட்டதும் நச்சு வாயுவாகும். பயிற்சியும் உரிமமும் உள்ளவர்கள் தவிர வேறு யாரும் கையாளக் கூடாதது. 2024 நவம்பரில் குன்றத்தூரில் எலிமருந்து வைத்த வீட்டில் இரண்டு குழந்தைகள் இறந்துபோனதைச் சென்னையில் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஆள் தூங்கும் அறை, அதை ஒட்டிய தீவனக் கிடங்கு, குஞ்சு அறை இங்கெல்லாம் வாயு மருந்து என்ற பேச்சே வேண்டாம்.

துத்தநாக பாஸ்பைடு வயலுக்கு வேளாண் துறை பரிந்துரைக்கும் கடும் விஷம். இதற்கும் முறிமருந்து கிடையாது. அரைகுறையாகத் தின்று பிழைத்த எலி மறுபடி அந்தத் தீனியை முகர்ந்துகூடப் பார்க்காது. அந்த எலியைத் தின்ற நாயும் பாதிக்கப்படும். என்னைக் கேட்டால் கால்நடை இருக்கும் வளாகத்துக்குள் இதைக் கொண்டுவரவே வேண்டாம்.

பண்ணைக்கு ஏற்றது புரோமடியோலோன். “எலி கேக்” என்று கடைகளில் கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் இதுதான், ஆனாலும் அட்டையில் பெயரைப் படித்து வாங்குங்கள். இது ரத்தம் உறைவதைத் தடுக்கும். தின்ற எலி 4 முதல் 10 நாளில் சாகும். தாமதமாகச் சாவதால் மற்ற எலிகளுக்குச் சந்தேகம் வராது, இதுவே இதன் பலம். முறிமருந்தாக வைட்டமின் கே1 உண்டு.

கேக்காக வாங்கினால் அப்படியே வைக்கலாம். 0.25 சதவீதத் தூளாக வாங்கினால் 960 கிராம் உடைத்த தானியத்தில் 20 கிராம் எண்ணெயைப் பிசிறி, 20 கிராம் தூளைச் சேர்த்துக் கிளறினால் ஒரு கிலோ தீனி, 0.005 சதவீதம். அதற்கு மேல் தூள் போட்டால் சீக்கிரம் சாகும் என்று நினைக்காதீர்கள், கசப்பு ஏறி எலி தின்னாமல் போகும். கையுறை போட்டு, திறந்த வெளியில், சமையலுக்குப் பயன்படாத பாத்திரத்தில் கலக்குங்கள்.

வைக்கும் விதம்தான் முக்கியம். 4 இன்ச் பிவிசி குழாயை இரண்டடித் துண்டுகளாக அறுத்து, டார்ச் சுற்றில் வரைந்த கோட்டின் மேல், சுவரை ஒட்டிக் கம்பியால் கட்டிவிடுங்கள். நடுவில் மருந்து. கோழி எட்டாது, மாட்டு நாக்கு எட்டாது, மழை நனையாது. நாய் புரட்டாதபடி கட்டு இறுக்கமாக இருக்க வேண்டும். எலிக்கு 25 அடிக்கு ஒன்று, சுண்டெலிக்கு 8 அடிக்கு ஒன்று. வீட்டு எலிக்கு விட்டத்தின் மேல் குழாயைக் கட்டி, மெழுகில் வார்த்த கட்டியைக் கம்பியில் கோத்து வையுங்கள். அப்போதுதான் துண்டு கீழே கோழி மேல் விழாது. கோழி நிற்கும் கூளத்தின் மேல் மருந்தைத் தூவுவது, தீவன மூட்டைக்கு நடுவில் கேக்கைச் செருகுவது இரண்டும் வேண்டாம். முட்டையிலும் கறியிலும் மருந்தின் மிச்சம் தங்கும். பன்றி வளர்ப்பவர்கள் இரட்டைக் கவனமாக இருங்கள், இந்த வகை மருந்து பன்றியை எளிதில் பாதிக்கும்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை பார்த்து, தின்ற அளவுக்கு நிரப்புங்கள். 15 நாள் வரை தீர்ந்த இடம் காலியாக இருக்கக் கூடாது. பூஞ்சை பிடித்ததை மாற்றிவிடுங்கள். இரண்டு வாரமாக யாரும் தொடாத குழாய் இருந்தால் இடம் மாற்றிப் பாருங்கள். செத்த எலியைத் தினமும் காலையில் கையுறையோடு பொறுக்கி, 3 அடி ஆழத்தில் புதையுங்கள். குப்பைத் தொட்டியிலோ கால்வாயிலோ போட்டால் காகமும் நாயும் தின்னும்.

எப்போது வைப்பது? பிராய்லர் பண்ணைக்கு ஒரு பொன்னான நேரம் உண்டு: கோழி தூக்கிய அன்று, அதாவது வளர்ந்த கோழியை விற்பனைக்கு ஏற்றி ஷெட் காலியான அன்று. மீதித் தீவனத்தை அன்றே எடுத்துவிடுங்கள், தண்ணீர் லைனை மூடுங்கள், அன்று ராத்திரியே குழாய்களில் மருந்து வையுங்கள். ஷெட்டில் அதைத் தவிர எலிக்கு வேறு சாப்பாடு இருக்காது. பலர் முதலில் கூளத்தை அள்ளிக் கழுவிவிட்டு அப்புறம் மருந்து வைக்கிறார்கள். அதற்குள் எலி வெளியேறி வரப்பில் உட்கார்ந்துகொண்டு, அடுத்த குஞ்சு இறங்கியதும் திரும்பிவிடும். நாலைந்து நாள் மருந்து தின்ன விட்டுவிட்டுப் பிறகு கூளம் அள்ளுங்கள். கழுவி முடித்து, குஞ்சு இறங்குவதற்கு முன் உள்ளே இருக்கும் மருந்தையெல்லாம் எண்ணி எடுத்துவிட வேண்டும்.

யாராவது மருந்தைத் தின்றுவிட்டால் வாந்தி எடுக்க வைப்பது, பால் கொடுப்பது என்று நேரம் கடத்தாமல் 108ஐக் கூப்பிடுங்கள், ஆடு மாடு நாய்க்கு 1962. மருந்து அட்டையையும் கையோடு கொண்டு போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியான சிகிச்சை தர முடியும்.

மழைக்காலமும் எலிக்காய்ச்சலும்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை அடிக்கும்போது வயல் வளையும் வடிகாலும் நிறையும், எலி எல்லாம் மேடான இடம் தேடி வரும். நம் கொட்டகைதான் அந்த மேடு. ஆடி, ஆவணிக்குள் ஓட்டை அடைக்கும் வேலையை முடித்துவிடுங்கள். நெல் அறுவடையும் அதே மாதிரி. திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம் நடக்கிறது. ஒவ்வொரு அறுப்பு முடிந்ததும் வயல் எலி அருகில் இருக்கும் வைக்கோல் போருக்கு இடம் பெயரும்.

எலிக்காய்ச்சல் கிருமி எலி மூத்திரத்தில் வெளியேறி, ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். காலில் சிறு வெடிப்பு இருந்தாலே உள்ளே போய்விடும். கொட்டகை கழுவும்போது வெறுங்காலோடு நிற்காதீர்கள், ரப்பர் பூட்ஸ் போடுங்கள், தேங்கும் நீரை வடித்துவிடுங்கள். திடீர்க் காய்ச்சல், கெண்டைக்காலில் தாங்க முடியாத வலி, கண் சிவப்பு, மஞ்சள் காமாலை, சிறுநீர் குறைவது இதன் அறிகுறிகள். டாக்டரிடம் போகும்போது “மாடு வைத்திருக்கிறேன், கொட்டகை கழுவுகிறேன்” என்று நீங்களே சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் அந்தக் கோணத்தில் யோசிக்காமல் போகலாம். மாட்டுக்கு வந்தால் பால் திடீரென்று குறையும், மடி தளர்ந்திருக்கும், பால் மஞ்சளாகவோ ரத்தம் கலந்தோ வரும், சினை மாட்டுக்குக் கடைசி மாதங்களில் கரு விழும். அப்படி விழுந்தால் வெறுங்கையால் தொடாமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு ரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

பூனை, கூகை, சாரை, அப்புறம் அந்தப் பெட்டி

பூனை சுண்டெலியைப் பிடிக்கும், பெருச்சாளியோடு மோதாது. அது தீவனத்தில் மலம் கழித்தால் டாக்ஸோபிளாஸ்மா கிருமி பரவி ஆட்டுக்குக் கரு கலையும், அதனால் ஆட்டுப் பண்ணையில் பூனை வேண்டாம் என்பேன். கூகை (ஒரு வகை ஆந்தை) எலியைத்தான் நம்பி வாழ்கிறது. வயலோரம் ஆங்கில டி எழுத்து வடிவில் குச்சி நட்டுவைத்தால் ராத்திரி வந்து உட்காரும். சாரைப்பாம்பும் எலியைத் தேடித்தான் வருகிறது. அதை அடிப்பது சட்டப்படி குற்றம், பண்ணைக்கும் நஷ்டம். முட்டையை அது எடுக்காமல் பார்த்துக்கொள்ள கால் இன்ச் மெஷ் போதும்.

ஒலி அலை விட்டு எலியை விரட்டும் மின்சாரப் பெட்டி பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நாலு நாளில் எலிக்குப் பழகிவிடும். அந்தக் காசுக்கு வெல்ட் மெஷ் வாங்கலாம்.

அக்கம்பக்கம்

எலிக்கு வேலி தெரியாது. நீங்கள் மட்டும் செய்தால் அடுத்த பண்ணை எலி உங்கள் பக்கம் வரும். பக்கத்து வயல்காரர், அடுத்த ஷெட்காரர், பின்னால் இருக்கும் ஆலை எல்லோரிடமும் பேசி ஒரே வாரத்தில் வளை மூடும் சோதனை, ஒரே நாளில் மருந்து என்று ஏற்பாடு செய்யுங்கள். அறுவடை முடிந்து அடுத்த நடவுக்கு முன் இருக்கும் இடைவெளிதான் இதற்குச் சரியான சமயம், வயலில் எலிக்குத் தீனி இருக்காது. பத்துப் பேரைக் கூட்ட முடிந்தால் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி கேட்டுப் பாருங்கள், அது கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருப்பதால் மாடு, கோழி இரண்டையும் சேர்த்தே பேசுவார்கள். யாராவது ஒருவர் மட்டும் வர மறுத்தால் அவர் எல்லையை ஒட்டி இருக்கும் உங்கள் பக்கத்து வரிசையில் குழாயை 15 அடிக்கு ஒன்றாக நெருக்கி வைத்துவிடுங்கள்.